பதினேழாம் வேர்

மார்ச் 4, செவ்வாய்

காலையில் வேர் அரைக்கும் இயந்திரத்தின் மூடி உடைந்துவிட்டது. டேப் ஒட்டி ஓட்டினேன். அறை முழுக்கப் பழுப்புத் தூள். தும்மித் தும்மி மூக்கும் கண்ணும் சிவந்து, மதியம் வகுப்பில் நின்றபோது பிள்ளைகள் நான் அழுதுவிட்டு வந்ததாக நினைத்திருப்பார்கள். நினைக்கட்டும்.

மாலையில் அக்கா போன் செய்தாள். முட்டிவலி.

"நாப்பது வேரை வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கே, அக்கா முட்டிக்கு ஒரு வேர் குடுக்க மனசு வரலையாடி உனக்கு?"

எந்த வேரும் முட்டிக்கு வேலை செய்வதாக நான் நிரூபிக்கவில்லை என்றேன்.

"நீ நிரூபிக்கிறதுக்குள்ள எனக்கு முட்டியே இருக்காது." வைத்துவிட்டாள்.

இருபது வருடமாக அவளுக்குச் சொல்லிப் பார்த்துவிட்டேன். ஜனங்கள் ஆறாத புண்ணுக்கு அரைத்துப் பூசும் நாற்பது வேர்களை எடுத்து, எது நிஜமாகவே கிருமியைக் கொல்கிறது, எது வெறும் நம்பிக்கை என்று பார்ப்பதுதான் என் வேலை. முப்பத்தொன்பது நம்பிக்கைகள். பதினேழாம் எண் கொடுத்த ஒரு கொடியின் வேர் மட்டும் தேறியது. மாத்திரைக்கு மசியாத புண் கிருமியை அதன் சாறு தடுத்து நிறுத்தியது. அதிலிருந்து ஒரு புதுப் பொருளைத் தனியாகப் பிரித்து, அதன் வடிவத்தையும் கண்டுபிடித்து, போன ஆகஸ்டில் கட்டுரையும் வந்துவிட்டது. 17-A என்று பெயர். ஐம்பது வயதுக்கு என்னுடையது என்று சொல்லிக்கொள்ள ஒன்று.

நாற்பத்தொன்பது. துல்லியமாகவே இருக்கட்டும்.

மார்ச் 10, திங்கள்

ஒரு கடிதம் வந்திருக்கிறது. வேறொரு பல்கலைக்கழகத்தில் என்னைப் போலவே வேர் வேலை செய்பவர். பெயரைக் கட்டுரைகளில் பார்த்திருக்கிறேன், ஆளைப் பார்த்ததில்லை. மிகவும் மரியாதையான கடிதம். அதுதான் பயமாக இருக்கிறது.

அதே கொடி, அதே வேர், ஐந்து கிலோ. நான் எழுதிய முறைப்படி 17-A-வைப் பிரிக்க ஒரு தடவை. வரவில்லை. இன்னொரு ஐந்து கிலோ. வரவில்லை. "தங்கள் செய்முறையில் ஏதேனும் விடுபட்டிருக்கிறதா என்று தெரிவித்தால் நன்றியுடையவனாக இருப்பேன்."

அடியில்: நகல் - பத்திரிகை ஆசிரியருக்கு. நகல் - துறைத் தலைவருக்கு.

விடுபட்டிருக்கிறதாம். என் செய்முறையில்.

மார்ச் 11, செவ்வாய்

தலைவர் கூப்பிட்டார். என்னைவிட ஆறு வயது சின்னவர். நான் ஆராய்ச்சி மாணவியாக இருந்தபோது பக்கத்து மேசையில் குடுவை உடைத்துக்கொண்டிருந்தவர். நல்ல மனிதர்தான். நாற்காலியைத் துடைத்துப் போட்டார், எனக்குச் சுருக்கென்றது.

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. நான் கேக்கல, பத்திரிகை கேக்குது."

"என்ன கேக்குது?"

"ஏப்ரல் கடைசிக்குள்ள பதில் வேணுமாம். இல்லன்னா கட்டுரையை அவங்களே எடுத்துடுவாங்களாம்."

மிச்சத்தை அவர் எனக்குச் சொல்லத் தேவையில்லை. கட்டுரை போனால் அடுத்த மூன்று வருடத் திட்டம் போகும். அது போனால்கூடத் தாங்கலாம். இல்லாததை இருப்பதாக எழுதியவள் என்று ஒரு பெயர் வந்தால், அப்புறம் நான் எதை எழுதினாலும் யார் படிப்பார்கள்?

வீட்டில் இவரிடம் சொல்லவில்லை. கேட்டார், "என்ன, முகம் ஒரு மாதிரி இருக்கு?" வேர்த்தூள் என்றேன்.

மார்ச் 13, வியாழன்

கிருமிக்காரியிடம் சொன்னேன். அடுத்த கட்டிடத்தில் கிருமிகளை வளர்த்து என் சாறுகளைச் சோதித்துத் தருபவள். பதினெட்டு வருடச் சிநேகிதி. வளாகத்தில் என்னிடம் வாய் கொடுத்துவிட்டுத் தப்பிக்கிறவள் அவள் ஒருத்திதான்.

"ஊர்ல இருக்கிற அத்தனை பேரையும் சந்தேகப்பட்டியே சந்தேகப் பிராணி, இப்ப உன்னையே ஒருத்தன் சந்தேகப்பட்டுட்டானா?"

"சிரிக்காத."

"சிரிக்கல. ஆனா ஒண்ணு நான் அப்பவே கேட்டேன், ஞாபகம் இருக்கா? வேர்ச் சாறு தட்டுல பதினெட்டு மில்லிமீட்டர் வட்டம் காட்டுச்சு. நீ சுத்தம் பண்ணிக் குடுத்த பொருள் பதினொண்ணுதான் காட்டுச்சு. சுத்தம் பண்ணப் பண்ண வீரியம் குறையுமாடி?"

கிருமி வளர்ந்த தட்டில் மருந்து பட்ட இடத்தைச் சுற்றி எதுவும் வளராமல் ஒரு தெளிந்த வட்டம் விழும். வட்டம் பெரிதானால் வீரியம் அதிகம். அவள் கேட்டது நியாயமான கேள்வி. அன்று நான் சொன்ன பதில்: "வேரில் பல பொருள்கள் சேர்ந்து வேலை செய்கின்றன."

மற்றவர்கள் கட்டுரையில் அந்த வாக்கியத்தைப் பார்த்தால் சிவப்பு மையில் வட்டம் போடுகிறவள் நான்.

மார்ச் 24, திங்கள்

வந்துவிட்டது! இரண்டு கிலோ வேரில் ஆரம்பித்து, எல்லாவற்றையும் நானே செய்தேன். மெத்தனாலில் ஊறவைத்து, வற்றவைத்து, நீரோடு குலுக்கி நீர் அடுக்கைக் கொட்டி, வெள்ளிக்கிழமை மாலை சிலிக்காவில் ஏற்றி வைத்துவிட்டுப் போனேன். இன்று காலை நீளக் கண்ணாடிக் குழாயில் ஓட்டி, பிரிந்து இறங்கியதைச் சோதனைக் குழாய்களில் வரிசையாகப் பிடித்தேன். பன்னிரண்டாம் சோதனைக் குழாயில் ஊதா விளக்குக்குக் கீழே 17-A காட்டும் அதே நீலப் பொட்டு.

ஆக, என் கையில் வருகிறது. அவர்கள் கையில் வராவிட்டால் அது அவர்கள் கைக் கோளாறு. ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல்.

வீட்டுக்கு வந்து இரண்டு தோசைக்குப் பதில் நாலு... இல்லை, அதெல்லாம் எதற்கு. நன்றாகத் தூங்குவேன் இன்று.

ஏப்ரல் 2, புதன்

பொருளின் வடிவத்தைக் கோடுகளாகக் காட்டும் என்.எம்.ஆர். வரைபடங்களோடு நான் பதில் எழுதினேன். அவர் தன்னுடைய வரைபடங்களோடு பதில் எழுதிவிட்டார். மூன்றாம் முறையும் வரவில்லையாம். இன்னும் மரியாதை கூடியிருக்கிறது.

தலைவர் ஒரு வழி சொன்னார். சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை.

"நீங்க எழுதின குறிப்பேட்டை வெச்சு வேற ஒருத்தர் செய்யட்டும் மேடம். நீங்க பக்கத்துல இருங்க. ஆனா... கை வைக்க வேணாம்."

"நான் கை வெச்சா பொருளை உள்ள போட்டுடுவேன்னு நினைக்கிறாங்களா?"

"யாரும் அப்படி நினைக்கல."

யாரோ நினைத்திருக்கிறார்கள். நானாக இருந்தாலும் நினைத்திருப்பேன்.

செய்யப்போவது 'அளவுகோல்'. முப்பத்திரண்டு வயது லெக்சரர். கரண்டிகளை உயர வரிசையில் அடுக்கிவைப்பவள். அவளைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்காது, எனக்கு ஆறுதல்தான்.

ஏப்ரல் 9, புதன்

இதை இன்றே எழுதிவிட வேண்டும். நாளைக்கு விட்டால் எனக்குச் சாதகமாக ஞாபகப்படுத்திக்கொள்ள ஆரம்பித்துவிடுவேன்.

திங்களிலிருந்து ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறேன். கைகளை மடியில் வைத்துக்கொண்டு. பெண் பார்க்க வந்த வீட்டில் உட்கார்ந்த மாதிரி. அளவுகோல் என் குறிப்பேட்டை வரிவரியாக விரல் வைத்துப் படித்து, ஒவ்வொரு வரி முடிந்ததும் பென்சிலால் டிக் போட்டாள். ஊறவைத்தாள், டிக். வற்றவைத்தாள், டிக். என்னைவிடச் சுத்தமாகச் செய்கிறாள். நான் பொறாமைப்பட்டேன் என்பதையும் எழுதிக்கொள்கிறேன்.

இன்று மதியம் மூன்று மணிக்குச் சிலிக்காவில் ஏற்ற வேண்டிய கட்டம். வேர்ச் சாறு தேன்பாகு போல ஒட்டும், அப்படியே குழாயில் ஊற்ற முடியாது. ஏதாவது ஒரு திரவத்தில் கரைத்து, வெள்ளை மணல் மாதிரி இருக்கும் சிலிக்காவில் கலந்து, திரவத்தை ஆவியாக விட்டுத் தூளாக்கிக்கொள்ள வேண்டும். குறிப்பேட்டில் என் கையெழுத்தில் ஒரே வரி: "சிலிக்காவில் ஏற்றவும்."

அவள் மெத்தனால் பாட்டிலை எடுத்தாள்.

என் கை மடியிலிருந்து தானாக எழுந்தது. மேசை ஓரத்தில் நிற்கும் பிளாஸ்டிக் குப்பியை நோக்கி. அசிட்டோன் குப்பி. நான் எப்போதும் அதைத்தான் எடுப்பேன். சீக்கிரம் கரைக்கும், சீக்கிரம் காயும். இருபத்தைந்து வருடமாக எடுக்கிறேன். குடுவையைக் கழுவுவதை யாராவது குறிப்பேட்டில் எழுதுவார்களா? அந்த மாதிரி, எழுதவே தோன்றாத ஒன்று.

"மேடம், ஏதாவது சொல்லணுமா?"

வாயில் வந்துவிட்டது - அசிட்டோன் எடு, அதை எழுத மறந்துட்டேன். அவ்வளவுதான். ஒரு வார்த்தை. அவள் அதை எடுத்திருப்பாள், தேதி போட்டு எழுதியிருப்பாள், நாளை மறுநாள் பன்னிரண்டாம் குழாயில் நீலப் பொட்டு வந்திருக்கும். அந்தக் கடிதக்காரருக்கும் வந்திருக்கும். எல்லோரும் கைகுலுக்கியிருப்போம்.

ஆனால் அந்த ஒரு நொடியில் 17-A-வின் வரைபடம் கண்முன் வந்தது. அதில் வலது ஓரத்தில் இரண்டு கூரிய கோடுகள். இரண்டு மெத்தில்கள், ஒரே கார்பனில். அசிட்டோன் எங்காவது போய் ஒட்டிக்கொண்டால் சரியாக அப்படித்தான் இருக்கும். கட்டுரை எழுதும்போதே எனக்கு அந்தச் சந்தேகம் வந்தது, வந்து குறிப்பேட்டைத் திறந்து பார்த்தேன். அசிட்டோன் என்ற சொல்லே அதில் இல்லை. சந்தேகம் தீர்ந்தது.

யார் குறிப்பேட்டையும் நம்பாதவள் என் குறிப்பேட்டை நம்பினேன்.

"ஒண்ணும் இல்லம்மா," என்றேன். "எழுதியிருக்கிறபடியே செய்."

குரல் எப்படி இருந்ததோ தெரியவில்லை. அவள் டிக் போட்டுக்கொண்டாள்.

ஏப்ரல் 11, வெள்ளி

வரவில்லை.

ஏப்ரல் 12, சனி

இவரிடம் சொன்னேன். ஒரு மாதத்துக்கு மேல் மறைத்து வைத்திருந்ததற்குக் கோபப்படுவார் என்று நினைத்தேன். சட்டை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார், நிறுத்தவில்லை.

"எனக்குப் புரியற மாதிரி சொல்லு. வேர்ல என்ன இருந்துச்சு, உன் பாட்டில்ல என்ன இருந்துச்சு?"

சொன்னேன். வேருக்குள் ஏதோ ஒரு பொருள் இருக்கிறது. அதற்கு இரண்டு கைகள் பக்கத்தில் பக்கத்தில் நீட்டிக்கொண்டிருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். சிலிக்கா கொஞ்சம் புளிப்பானது. அதில் அசிட்டோனோடு இரண்டு நாள் கிடந்தால் அந்த இரண்டு கைகளிலும் அசிட்டோன் போய் மாட்டிக்கொள்ளும். வெளியே வரும்போது வேறு பொருளாக வரும். அதைத்தான் நான் வேரிலிருந்து வந்தது என்று எழுதிவிட்டேன். செடி அதைச் செய்யவே இல்லை. செய்தது நான்.

"அதாவது, அது சட்டை போடாம இருந்துச்சு. நீ ஒரு சட்டையை மாட்டி, போட்டோ எடுத்து, பொறந்ததுல இருந்தே இப்படித்தான்னு பேப்பர்ல போட்டுட்ட."

"ஆமா."

இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்தார். நில அளவையில் முப்பது வருடம் ஓட்டியவர், எதையும் மறுபக்கத்திலிருந்து ஒருமுறை பார்க்காமல் விடமாட்டார்.

"சரி. சட்டைக்குள்ள யாரோ இருக்காங்கல்ல?"

எழுந்து போய் முகம் கழுவினேன். மூன்று நாளாக நான் என்னைப் பற்றி மட்டுமே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன், உள்ளே இருப்பதைப் பற்றி நினைக்கவே இல்லை.

ஏப்ரல் 17, வியாழன்

சந்தேகத்தை நிரூபிக்காமல் சொல்லக்கூடாது. என் மீதான சந்தேகமாக இருந்தாலும்.

என்.எம்.ஆர். அறையில் ஒருவகை அசிட்டோன் உண்டு. அதில் ஹைட்ரஜனுக்குப் பதிலாக அதன் கனமான உடன்பிறப்பு இருக்கும், அது வரைபடத்தில் கோடு போடாது. ஒவ்வொன்றும் ஒரு அலகு அதிக எடை, மொத்தம் ஆறு. அறைக்காரரிடம் நான்கு சின்னக் குப்பி கேட்டேன்.

"இதுலயா மேடம் சாறு கரைக்கப் போறீங்க? இது சொட்டுச் சொட்டா எடுக்கிற சாமான். பன்னீர்ல பாத்திரம் தேய்க்கிற மாதிரி இருக்கு."

வெள்ளியன்று ஏற்றி, திங்கள் ஓட்டி, இன்று எடை பார்த்தோம். 17-A-வின் மூலக்கூறு எடை 374. இதன் எடை 380.

ஆறு கூடியிருக்கிறது, கன அசிட்டோன் கொண்டுவந்த அதே ஆறு. வரைபடத்தில் அந்த இரண்டு கூரிய கோடுகளும் இல்லை, துடைத்து எடுத்த மாதிரி.

நான் சிரித்துவிட்டேன். அறைக்காரர் பயந்துபோய்ப் பார்த்தார். எதற்குச் சிரித்தேன்? இதைவிடச் சுத்தமான சோதனையை இந்த இருபத்தைந்து வருடத்தில் நான் செய்ததில்லை. அது நான் தவறு என்று காட்டுகிறது. ஆனாலும் சுத்தம்.

ஏப்ரல் 21, திங்கள்

தலைவரிடம் வரைபடங்களை விரித்துவைத்தேன். அவருக்கு ரசாயனம் தெரியும். இரண்டாம் தாளிலேயே புரிந்துகொண்டார். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"மேடம், இப்படிப் பாருங்களேன். செய்முறையில அசிட்டோன் விட்டுப்போச்சுன்னு ஒரு திருத்தம் போட்டா போதுமே. அவங்களுக்கும் வந்துடும். யாரும் பொய் சொல்லல."

"வந்துடும். ஆனா அது வேர்ல இல்ல."

"அது எத்தனை பேருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும். இப்ப உங்களுக்கும் தெரியும்."

ரொம்ப நேரம் மேசைமேல் இருந்த காகித எடையை உருட்டிக்கொண்டிருந்தார். அவரைத் திட்டி எழுத முடியவில்லை. அந்தப் புதன்கிழமை ஸ்டூலில் உட்கார்ந்து நானும் அதே கணக்கைத்தான் போட்டேன், ஒரே ஒரு நொடி என்றாலும்.

"ஜூன்ல திட்டத்துக்குப் பணம் குடுக்கிற கமிட்டி வருது," என்றார் கடைசியில். "நான் என்ன சொல்றது அவங்ககிட்ட?"

"நடந்ததைச் சொல்லுங்க."

"உங்ககூட வேலை செய்யறது கஷ்டம் மேடம்," என்றார். ஆனால் கதவைத் திறந்துவிட்டது அவர்தான்.

ஏப்ரல் 23, புதன்

கட்டுரையை நானே திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்று பத்திரிகைக்கு எழுதினேன். நான்கு வரி. கடிதக்காரருக்குத் தனியாக எழுதினேன். அது மூன்று பக்கம் ஆகிவிட்டது. "விடுபட்டிருந்தது. தங்கள் கேள்வி சரி" என்று ஆரம்பித்து, 380 வரை எல்லாவற்றையும்.

அனுப்பும் பொத்தானை அழுத்திவிட்டு வராந்தாவில் போய் நின்றேன். தலைக்கு மேல் எதுவும் இடிந்து விழவில்லை.

ஏப்ரல் 25, வெள்ளி

கடிதக்காரர் போன் செய்தார். குரல் எதிர்பார்த்ததைவிட இளசு.

"மேடம், இந்த மாதிரி கேட்டு நான் ஒன்பது பேருக்கு எழுதியிருக்கேன். நாலு பேரு பதிலே போடல. நாலு பேரு திட்டினாங்க."

"நானும் மனசுக்குள்ள திட்டினேன்."

"அது பரவால்ல," என்று சிரித்தார். பிறகு, "மேடம், அப்போ நிஜமான பொருள் எங்க போச்சு?"

அதுதான் கேள்வி. இரண்டு கைகளும் சும்மா இருந்தால் அது நீரை விரும்பும். நீர் அடுக்கோடு போயிருக்கும். மிச்சம் மீதி சிலிக்காவின் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும்.

இரண்டையும் இத்தனை வருடம் கொட்டிக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல் 28, திங்கள்

அளவுகோலிடம் கேட்டேன், அன்று செய்ததில் ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று. அலமாரியைத் திறந்து காட்டினாள். பதினோரு பாட்டில்கள், உயர வரிசையில். ஒவ்வொன்றிலும் தேதியோடு சீட்டு. "நீர் அடுக்கு." "குழாய் கடைசிக் கழுவல், பழுப்பு." "வடிதாள்."

"இதெல்லாம் ஏம்மா வெச்சிருக்க?"

"கொட்டணும்னு குறிப்பேட்டுல எழுதலையே மேடம்."

எனக்கு வந்த சிரிப்பை அடக்க முடியவில்லை. அவளுக்கு ஏன் என்று புரியவில்லை. பாவம், ஏதோ தப்பு செய்துவிட்டதாக நினைத்துச் சீட்டுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

மே 9, வெள்ளி

பத்து நாளாகக் களியோடு போராட்டம். சர்க்கரை, துவர்ப்பு, பிசின் எல்லாம் சேர்ந்த பழுப்புக் களி. அசிட்டோன் குப்பியை எடுத்துப் பக்கத்து அறையில் வைத்துப் பூட்டிவிட்டேன். என் கை இன்னும் மேசை ஓரத்துக்குப் போய்ப் போய்த் திரும்புகிறது.

இன்று மாலை, குடுவையின் அடியில் வெளிறிய மஞ்சள் தூள். அறுபது மில்லிகிராம். மூலக்கூறு எடை 334. 17-A-யிலிருந்து அசிட்டோன் மாட்டிய பகுதியைக் கழித்தால் 334தான் வர வேண்டும்.

சட்டைக்குள் இருந்தவர்.

இதனால் ஒன்றும் ஆகிவிடவில்லை. இது கிருமியைத் தொடுமா என்று தெரியாது. அறுபது மில்லிகிராம் மஞ்சள் தூள், அவ்வளவுதான்.

மே 11, ஞாயிறு

அக்கா வந்திருந்தாள். நடந்ததைச் சொன்னேன், எப்படியும் யார் மூலமாவது கேள்விப்படுவாள். கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கொண்டேன் என்றதும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நீயா? நீயா தப்புன்னு ஒத்துக்கிட்ட? என் மூக்குத்தியைத் தொலைச்சுட்டு ஆறு வருஷம் எலி தூக்கிட்டுப் போச்சுன்னு சாதிச்சவ!"

"அது எலிதான்."

"ஆமா, எலி மூக்கு குத்திக்கிட்டு அலைஞ்சுது." கொஞ்ச நேரம் கழித்து என் தலையைத் தடவினாள். நாற்பது வருடமாக அவள் அப்படிச் செய்ததில்லை. இருவருக்கும் கூச்சமாகிவிட்டது. உடனே முட்டியைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள்.

மே 20, செவ்வாய்

கிருமிக்காரியிடம் ஐந்து குப்பிகள் கொடுத்தேன். வேர்ச் சாறு, 17-A, புது மஞ்சள் தூள், வெறும் திரவம், கடையில் வாங்கும் மருந்து. எதன்மேலும் பெயர் இல்லை, எண்கள் மட்டும். எந்த எண் எதுவென்ற பட்டியல் அளவுகோலின் மேசை இழுப்பறையில்.

"என்னையும் சந்தேகப்படறியா?"

"என்னையும்தான். எனக்கும் தெரியாது எது எதுன்னு."

"நல்லா முத்திப்போச்சு உனக்கு," என்றாள். ஆனால் குப்பிகளை ஏந்திக்கொண்டு போன விதம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போவது மாதிரி இருந்தது.

மே 22, வியாழன்

வட்டங்கள் வந்தன. நான்காம் எண்ணுக்கு இருபத்தாறு மில்லிமீட்டர். கிருமிக்காரி தட்டை என் மூக்குக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றாள். நீரில் கரைகிற பொருளாக இருந்தால் தட்டில் தூரம் பரவும், அதனால் வட்டம் பெரிதாகத் தெரியலாம், வட்டத்தை நம்பாதே, குழாயில் போட்டுப் பார் என்றேன்.

"ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம் சந்தோஷப்பட்டுட்டு அப்புறம் சொல்லக்கூடாதா இதை?"

மே 24, சனி

விடுமுறை என்றாலும் போனோம். மூவரும். கிருமி போட்ட குழாய்களில் பொருளைப் பாதி, அதில் பாதி, அதிலும் பாதி என்று குறைத்துக்கொண்டே போவது. கிருமி வளர்ந்த குழாய் கலங்கிவிடும். இரண்டாம் எண் குழாய்கள் நூற்றிருபத்தெட்டு மைக்ரோகிராமுக்குக் கீழே எல்லாம் மோர் போலக் கலங்கியிருந்தன. நான்காம் எண் அறுபத்துநான்கில் தெளிவு. முப்பத்திரண்டில் தெளிவு. பதினாறில் தெளிவு. எட்டிலும் அடியில் வைத்த செய்தித்தாளின் எழுத்து படிக்க முடிந்தது. நான்கில்தான் கலங்கல்.

அளவுகோல் பட்டியலை எடுத்துப் பிரித்தாள். இரண்டு - 17-A. நான்கு - மஞ்சள் தூள்.

கிருமிக்காரி கையுறையைக் கழற்றிவிட்டு, "இப்ப ஒரு நிமிஷம் எடுத்துக்கலாமா?" என்று கேட்டாள்.

எடுத்துக்கொண்டோம்.

இது மருந்து இல்லை. மனித உடலில் என்ன செய்யும் என்று தெரியாது. கிருமியைக் கொல்வது மனிதச் செல்லையும் கொல்லலாம். பத்து வருடம் ஆகலாம், ஒருபோதும் ஆகாமலும் போகலாம். இதையெல்லாம் அவர்களிடம் திங்கட்கிழமை சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

ஜூன் 11, புதன்

கமிட்டி. மூன்று வருடம் கேட்டோம், ஒரு வருடம் கொடுத்திருக்கிறார்கள். "முதலில் இன்னொருவர் கையில் வரட்டும்" என்றார் நரைத்த உறுப்பினர் ஒருவர். நானாக இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். அவரைப் பிடித்துப்போயிற்று.

தலைவர் வெளியே வந்து, "நடந்ததை அப்படியே சொல்லிட்டேன் மேடம். கஷ்டமாத்தான் இருந்துச்சு," என்றார்.

ஜூன் 16, திங்கள்

புதுச் செய்முறை எழுதி முடித்தேன். போன தடவை ஒன்றரைப் பக்கம். இந்தத் தடவை ஒன்பது. கடிதக்காரருக்கு அனுப்பிவிட்டேன். கிருமிக்காரி வாங்கிப் புரட்டினாள்.

"குடுவை கழுவற தண்ணி, துடைக்கிற துணி... கை கழுவற சோப்பு எழுதலையா?"

"ஏழாம் பக்கம்."

பார்த்தாள். இருந்தது.

ஜூலை 2, புதன்

அங்கிருந்து தகவல் இல்லை. கேட்கவும் மாட்டேன். அவசரப்படுத்தினால் எனக்காகக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

ஜூலை 9, புதன்

இல்லை.

ஜூலை 18, வெள்ளி

மதியம் வகுப்பு முடிந்து வந்து மெயிலைத் திறந்தேன். எந்தக் குறிப்பும் இல்லாமல் ஒரு வரைபடம் மட்டும். மெல்லிய தாளில் அச்செடுத்தேன். எங்களுடையதை ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி, அதன்மேல் இதை வைத்து நகர்த்தினேன். முதலில் எல்லாக் கோடும் இரண்டிரண்டாகத் தெரிந்தது. இன்னும் ஒரு மயிரிழை தள்ளினேன். ஒன்றாகிவிட்டது.

அதே நேரத்தில் போன் அடித்தது.

"பாத்தீங்களா மேடம்?"

"அசிட்டோன்?"

"அந்தக் கட்டிடத்துலயே இல்ல."

"இன்னொரு தடவை செஞ்சு பாத்துட்டு..."

"ரெண்டு தடவை செஞ்சாச்சு. நீங்க இதைத்தான் கேப்பீங்கன்னு தெரியும். அனுப்பினது ரெண்டாவது."

நன்றி என்றேன்.

மறுபடி ஜன்னலுக்குப் போனேன். தாளின் மூலையில், செய்தவர்கள் என்ற இடத்தில் நான்கு கையெழுத்துகள். ஒன்று சாய்ந்தது, ஒன்று மிகவும் சின்னது, ஒன்றைப் படிக்கவே முடியவில்லை. நான்கு பேரையும் எனக்குத் தெரியாது. அந்த ஊருக்கு நான் போனதே இல்லை. அவர்கள் தோண்டிய வேரை நான் தொட்டதில்லை.

அவர்களுக்கும் வந்திருக்கிறது.